சித்திரக்காரியின் பச்சைக் காரும் பனியன் துணியும்

பிரிண்டிங் பட்டறையில் சித்திரம் எழுதுகிறவனுடைய வேலை, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எண்ணுவதுபோல, அழகான படம் ஒன்றை வரைந்து துணியில் ஏற்றிவிடுவதோடு முடிந்துபோவதில்லை. அந்தப் படத்தை வர்ணம் வர்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு பிலிமும் ஒரு ஸ்கிரீனும் வகுத்து, எது முன்னே விழவேண்டும், எது பின்னே விழவேண்டும், எந்த வர்ணம் எதன் ஓரத்தில் மயிரிழை அளவு ஏறி நின்றால் இடைவெளி தெரியாமல் இருக்கும் என்றெல்லாம் தீர்மானிப்பதிலேதான் அவனுடைய பிரயாசையில் பெரும்பகுதி கழிகிறது. ஆகவே எந்தச் சித்திரத்தின் முன்னால் நின்றாலும், அதை முழுமையாகக் காண்பதற்கு முன்பே வர்ணங்களாகப் பிரித்துக் காணுகிற பழக்கம் எங்கள் கண்களில் ஊறிப்போய்விடுகிறது. இந்தப் பழக்கம் ரசனைக்கு இடையூறு என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு சித்திரக்காரர் எதைச் சுலபமாகச் செய்தார், எதற்காக உயிரைக் கொடுத்தார் என்பதைப் பிரித்துப் பார்க்கிற கண்ணே முதலில் கண்டுகொள்ளும் என்பது என் அநுபவம்.

எங்களிடம் ஆடை வாங்குகிற ஐரோப்பிய பையர்கள் அனுப்புகிற மாதிரிப் படங்களில், பருவத்துக்குப் பருவம் வேறு எது மாறினாலும், பழைய காலத்துக் கார் ஒன்றும் அதில் ஒரு பெண்ணும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறார்கள். தோல் தொப்பி, காற்றில் பறக்கும் கழுத்துத் துணி, செக்கச் சிவந்த உதடு, ஸ்டியரிங்கின்மேல் கையுறை அணிந்த கை என்று அந்தப் பெண்ணின் லக்ஷணங்கள் ஏறக்குறைய மாறுவதே இல்லை. முதல் மகாயுத்தத்துக்கும் இரண்டாம் மகாயுத்தத்துக்கும் இடைப்பட்ட ஐரோப்பாவின் நவநாகரிக ஸ்திரீ அவள். அவளுடைய மூல விக்கிரகம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அது தமாரா டி லெம்பிக்கா 1929இல் வரைந்த சுயசித்திரம். போலந்துக் குடும்பத்தில் பிறந்து, ருஷ்யப் புரட்சிக்குப் பின் பாரிஸில் குடியேறி, மொரீஸ் டெனியிடமும் ஆந்த்ரே லோத்திடமும் சித்திரம் பயின்ற அவர், பெர்லினிலிருந்து வெளிவந்த 'டீ டாமே' என்ற பெண்கள் பத்திரிகையின் அட்டைக்காகப் பச்சை நிற புகாட்டி காரில் தம்மைத் தாமே அமர்த்தி எழுதிய படம் அது. அவரிடம் உண்மையில் இருந்தது சிறிய ரெனோ கார்தான் என்பார்கள். அதை நான் குறையாக எண்ணுவதில்லை. படத்துக்குள் வருகிற ஸ்திரீக்கு எந்த உடை பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கிற உரிமை சித்திரக்காரிக்கு இருக்கிறதென்றால், எந்தக் கார் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கிற உரிமையும் இருக்கத்தான் வேண்டும்.

அந்தப் படத்தின் அளவைக் கேட்டால் எங்கள் தொழிலில் உள்ளவர்கள் ஆச்சரியப்படுவார்கள். உயரம் 35 சென்டிமீட்டர், அகலம் 27 சென்டிமீட்டர்; அவ்வளவே. பெரியவர்களுக்கான டி-ஷர்ட்டின் மார்பில் நாங்கள் அடிக்கிற படத்தின் அளவும் கிட்டத்தட்ட இதுதான். மரப்பலகையின்மேல் எண்ணெய் வர்ணத்தால் எழுதப்பட்ட அந்தச் சிறிய படத்தை என் வழக்கப்படி பிரித்துப் பார்த்தால், காரின் பச்சை, கழுத்துத் துணியின் சாம்பல், தோலின் பழுப்பு, முகத்தின் வெளிர்நிறம், உதட்டின் சிவப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வர்ணங்களே கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வர்ணமும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஓரிடத்திலும் தடுக்காமல் வழுக்கிச் செல்கிறது. அந்த வழுக்கலில்தான் லெம்பிக்காவின் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. இதைவிட விசேஷமானது, துணியையும் உலோகத்தையும் அவர் ஒரே கையால் எழுதியிருக்கிறார் என்பது: காரின் கதவில் விழுகிற பளபளப்பு எப்படியோ அப்படியே கழுத்துத் துணியின் மடிப்பிலும் விழுகிறது, காற்றில் பறக்கவேண்டிய துணி, தட்டி வளைத்த தகட்டைப்போல் விறைத்து நிற்கிறது. யந்திரத்தை ஓட்டுகிற பெண்ணின் உடையையும், ஒரு வகையில் அவளுடைய முகத்தையுமே, யந்திரத்தின் ஸ்வபாவத்துக்கு அவர் மாற்றிவிட்டார்.

அதே பாரிஸில், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இன்னொரு சித்திரக்காரி நேர் எதிரான காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். சோனியா டெலோனே 1911இல் தம் குழந்தைக்காகத் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வையிலிருந்து தம் கலையின் வழியைக் கண்டுகொண்டவர். 1923இல் லியோன் நகரத்துத் துணி உற்பத்தியாளர் ஒருவருக்காக ஐம்பது டிசைன்கள் வரைந்து கொடுத்தவர். 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின்போது எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கிறது. அவருடைய டிசைனில் செய்த கோட்டுகளை அணிந்த இரண்டு பெண்கள் ஒரு காரின் அருகே நிற்கிறார்கள். அந்தக் காரின் உடம்பு முழுவதும் அவருடைய துணி ஒன்றின் மாதிரிப்படியே கட்டம் கட்டமாக வர்ணம் பூசப்பட்டிருக்கிறது. லெம்பிக்கா துணியைத் தகடாக்கினார் என்றால் டெலோனே தகட்டைத் துணியாக்கினார். எண்பது வயதைக் கடந்த பிறகு, 1967இல், மாத்ரா என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றுக்கும் அவர் வர்ணம் தீட்டினார் என்பதிலிருந்து, அது ஒரு கண்காட்சிக்கான விளையாட்டாக மட்டும் அவருக்கு இருக்கவில்லை என்று தெரிகிறது.

இந்த இரண்டு வழிகளில் எது மேலானது என்று கலை விமரிசகர்கள் எப்படித் தீர்ப்புச் சொல்வார்களோ தெரியாது, எங்கள் பட்டறையில் தீர்ப்புச் சொல்வது சிங்கிள் ஜெர்சி என்கிற பனியன் துணி. நெய்த துணியைப்போல் அல்லாமல், பின்னிய துணி கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டது. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும், அணிந்தவர் மூச்சு வாங்கினால் அதனோடு ஏறி இறங்கும். லெம்பிக்காவின் வழுக்கலை அதில் கொண்டுவரவேண்டுமானால் ஒவ்வொரு வர்ணத்தையும் ஹாஃப்டோன் புள்ளிகளாக உடைக்கவேண்டும். மிக நுண்ணிய புள்ளிகள் கண்ணிகளின் பள்ளத்தில் விழுந்து காணாமல் போகும். இருண்ட துணியானால் அடியில் வெள்ளை ஒரு தளம் அடித்து, அதை உலர்த்தி, அதன்மேல் மற்ற வர்ணங்களை ஏற்றவேண்டும். இவ்வளவும் செய்து, நூற்றைம்பது நூற்றறுபது டிகிரி சூட்டில் க்யூரிங் செய்து வெளியே எடுத்தால், படம் என்னவோ கண்ணைப் பறிக்கும். ஆனால் கையை வைத்துப் பார்த்தால் மார்பின்மேல் ஒரு பலகை ஒட்டியிருப்பதாகவே தோன்றும். அதை அணிந்தவர் கொஞ்சம் பருமனாக இருந்துவிட்டால் அந்த ஸ்திரீயின் அரைக்கண் பார்வை இரண்டு பக்கமும் இழுபட்டு வேறொருத்தியின் முகமாகிவிடும். டெலோனேயின் கட்டங்களோ, பிக்மென்ட் மையில் ஒரே சீராக அடித்தால் துணியோடு துணியாகப் படிந்துகொள்கின்றன. துணி விரிந்தால் கட்டமும் விரிகிறது, அவ்வளவுதான். லெம்பிக்கா பெரிய சித்திரக்காரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் பனியன் துணியை அறிந்தவர் டெலோனேதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பனியன் துணிக்கும் அந்தக் காலத்துப் பெண்களுக்கும் உள்ள சம்பந்தம் நம் ஊர்க்காரர்கள் அறியவேண்டிய ஒன்று. அதுவரை ஆண்களின் உள்ளாடைக்கே பயன்பட்டுவந்த ஜெர்சி துணியை ரோடியே என்ற பிரெஞ்சு உற்பத்தியாளரிடமிருந்து வாங்கி, 1916இல் பெண்களின் வெளியுடையாகத் தைத்தார் கொக்கோ ஷனேல். கையை வீசி நடக்கவும், காரில் ஏறி இறங்கவும், ஸ்டியரிங்கைத் திருப்பவும் உடம்போடு இசைந்துகொடுக்கிற துணி தேவைப்பட்ட காலம் அது. 1927இல் எல்சா ஸ்கியாபரெல்லி, கழுத்தில் வெள்ளை முடிச்சு ஒன்று கட்டியிருப்பதுபோல் தோன்றும்படி அந்த முடிச்சின் உருவத்தையே கறுப்புப் பின்னலுக்குள் பின்னிய ஸ்வெட்டரை வெளியிட்டார். மார்பில் படம் தாங்கிய பின்னலாடைகள் எல்லாவற்றுக்கும் அதை ஒரு பாட்டியாக நான் கருதுகிறேன். திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆண்டும், டெலோனேயின் கார் கண்காட்சியில் நின்ற அதே 1925தான். ஆனால் கதர் இயக்கத்துக்குப் பேர்போன இந்த ஊரில், பின்னலாடை என்பது நெடுங்காலம் ஆண்களின் வெள்ளை உள்பனியனாகவே இருந்தது. எழுபதுகளின் இறுதியில் இத்தாலியிலிருந்து டி-ஷர்ட் கேட்டு ஆட்கள் வந்தபிறகே உள்ளே இருந்த துணி வெளியே வந்தது, வெளியே வந்த துணிக்குப் படமும் தேவைப்பட்டது. பாரிஸ் 1916இல் கடந்த வாசலை நாங்கள் அறுபது ஆண்டுகள் கழித்துக் கடந்தோம்.

லெம்பிக்கா காரை வரைந்த அதே 1929இல் பாரிஸுக்குப் படிக்க வந்த இந்தியப் பெண் ஒருத்தி உண்டு. அம்ரிதா ஷேர்-கில்லுக்கு அப்போது பதினாறு வயது. அந்த நகரத்தின் எந்தப் பெண்ணுக்கும் குறையாத நவீனத்தோடு அங்கே வாழ்ந்து, 1934இன் முடிவில் இந்தியா திரும்பி, அஜந்தாவையும் தென்னாட்டையும் கன்னியாகுமரிவரை பார்த்துவிட்டு, 1937இல் அவர் எழுதிய படங்களில் ஒன்று சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார். அதில் காரும் இல்லை, வண்டியும் இல்லை. கரிய உடம்பும் வெள்ளைத் துணியுமாக மனிதர்களே இருக்கிறார்கள். தென்னாட்டின் வெயிலில் துணி எப்படி உடம்பின்மேல் கிடக்கும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த சித்திரங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கிராமத்தாரின் பேத்திகள் வண்டி ஏறியதைக் காண அவர் இருக்கவில்லை. 1941இல், இருபத்தெட்டு வயதில் காலமாகிவிட்டார்.

காலையில் எட்டரை மணிக்குத் திருப்பூர் அவிநாசி ரோட்டில் நின்று பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லுவது பிரத்தியட்சமாக விளங்கும். கம்பெனி வேன்களில் நெருக்கியடித்து வருகிற பெண்கள் ஒருபுறம் இருக்க, அநுப்பர்பாளையத்திலிருந்தும் வேலம்பாளையத்திலிருந்தும் ஸ்கூட்டரில் தாமே ஓட்டிவருகிற பெண்கள் எத்தனை பேர்! வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலையில் ஸ்கூட்டர் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2018இல் தொடங்கியது. அதற்கு முன்பே சீட்டுப் போட்டும் தவணை கட்டியும் வாங்கியவர்கள் அநேகர். வெயிலுக்கும் புகைக்கும் பயந்து துப்பட்டாவைத் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டி, முழங்கைக்கு மேல்வரை ஏறுகிற கையுறை போட்டு, கண்கள் மட்டும் தெரிய அவர்கள் வருகிற தோற்றத்தைப் பார்க்கும்போதெல்லாம், தொப்பியும் கையுறையுமாக அமர்ந்திருக்கும் அந்த 1929ஆம் வருஷத்து ஸ்திரீ எனக்கு நினைவுக்கு வருகிறாள். அந்தக் கையுறை தோலால் ஆனதல்ல. நம்முடைய பனியன் துணியே.

லெம்பிக்கா 1980இல்தான் காலமானார். ஐரோப்பியச் சட்டப்படி ஓவியர் மறைந்து எழுபது ஆண்டுகள்வரை அவருடைய படத்தை அனுமதியின்றிப் பிறர் அச்சிட உரிமையில்லை. ஆகையால் பையர் கேட்டாலும் அந்தப் பச்சைக் காரை அப்படியே அடித்துக் கொடுக்க எங்களால் ஆகாது. எங்கள் கையால் புதிதாக ஒன்றை எழுதியே தீரவேண்டும். அந்தக் கட்டாயத்தை ஒரு பாக்கியமாகக் கொண்டு, கேட்கப்பட்ட காருக்குப் பக்கத்தில் யாரும் கேட்காத ஒரு ஸ்கூட்டர் பெண்ணையும் நான் வரைந்திருக்கிறேன். டெலோனேயின் வழியில், புள்ளியே இல்லாமல், நான்கு தட்டையான வர்ணங்களில் அவளை அமைத்தேன். முகம் மூடியிருப்பதால் துணி எப்படி இழுபட்டாலும் அவள் முகம் கோணுவதற்கு இடமில்லை. அதை வெள்ளைத் துணியில் ஸ்ட்ரைக்-ஆஃப் என்கிற மாதிரி அச்சாக அடித்து, பையருக்கு அனுப்புவதற்கு முன்னால், பவர் டேபிளில் தைக்கிற பெண்களிடம் காட்டினேன். அவர்களில் ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாஞ் செரிதானுங்கண்ணா, முன்னாடி கொக்கீல சாப்பாட்டுப் பையி தொங்கோணுமில்லீங்க?" என்று கேட்டாள். பைக்கு மஞ்சள்தான் பொருத்தம் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவும் செய்துவிட்டார்கள். மஞ்சளுக்கு இன்னொரு பிலிம், இன்னொரு ஸ்கிரீன். பிரிண்டிங் கூலியும் கொஞ்சம் ஏறும். ஐந்தாவது ஸ்கிரீனுக்கு எமல்ஷன் பூசச் சொல்லிவிட்டேன்.