அரிச்சல்முனைக்கு இரண்டு வண்டிகள்

ஆடி மாதத்தில் தனுஷ்கோடிச் சாலையில் போனால் தார் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். கச்சான் காற்று மணலை வாரி வந்து சாலைக்குக் குறுக்கே திட்டுத் திட்டாகக் கொட்டிவிடுகிறது. ஐம்பது அடிக்கு நல்ல தார், அப்புறம் நாலு விரல் உயரத்துக்கு மணல், மறுபடி தார். வலது பக்கம் மன்னார் வளைகுடா இரைகிறது. ஊர்க்காரர்களுக்கு அது ஆண்கடல். இடது பக்கம் பாக் நீரிணை, பெண்கடல், அலை இல்லாமல் கிடக்கிறது.

எங்களிடம் இரண்டு வண்டிகள். நான் ஏறியிருந்தது ஒரு நண்பரின் ஜிம்னி. பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். பின்னால் வந்தது 2009-இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனர், ஃபுல் டைம். அதற்கு அடுத்த தலைமுறையில் டொயோட்டாவே பார்ட் டைமுக்கு மாறிவிட்டதால், பழையதை வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வழிகாட்ட வந்த ராமேஸ்வரத்து அண்ணன் ஒரு காலத்தில் இங்கே ஜீப் ஓட்டியவர்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ரயில் பாதையையும் ஊரையும் கொண்டுபோனது. அதன் பிறகு 2017-இல் புதிய சாலை திறக்கும் வரை, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் ஜீப்பும் வேனும்தான். மணலிலும் ஆழமில்லாத கடல்நீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். "சத்திரத்துல நாலையும் போட்டா, திரும்பி வந்துதான் எடுப்போம்" என்றார் அண்ணன். வழி முழுக்க மணல் என்பதால் அந்த ஓட்டத்துக்குப் பார்ட் டைம் கச்சிதமாகப் பொருந்தியது. ஏன் என்பதை அரிச்சல்முனையில், சிங்கத்தூணைச் சுற்றித் திரும்பும் இடத்தில் காட்டினார்.

"தம்பி, நாலைப் போட்டுட்டு நல்லா ஒடிச்சுத் திருப்புங்க."

நண்பர் 4H-இல் போட்டுத் திருப்பினார். ஸ்டியரிங் கனத்தது. டயர் கிறீச்சிட்டது. யாரோ பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல் வண்டி தத்தித் தத்தி நகர்ந்தது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. அதிக தூரம் உருள்கின்றன. பார்ட் டைமில் நாலைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். மணலில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் சறுக்க வழியில்லை. முறுக்கம் முழுவதும் கியரிலும் ஆக்சிலிலும் ஏறுகிறது. இப்படியே மதுரை வரை ஓட்டினால் மெக்கானிக்குக்கு நல்ல வரும்படி.

ஃபார்ச்சூனர் அதே வளைவைச் சத்தமில்லாமல் சுற்றி வந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அதற்கு இன்னொரு டிஃபரன்ஷியல் உண்டு; வேக வித்தியாசத்தை அது வாங்கிக்கொள்கிறது. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரிலும் இந்த ஏற்பாடுதான். தாரும் மணலும் மாறி மாறி வரும் இன்றைய தனுஷ்கோடிச் சாலைக்கு ஃபுல் டைம்தான் சுகம். எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்ற யோசனையே வேண்டாம்.

திரும்பும் வழியில், எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கிய ஃபார்ச்சூனர் ஓரத்து மணலில் இறங்கிவிட்டது. இடது முன்சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றி மணலை வாரியடித்தது. மற்ற மூன்றும் அசையவில்லை. நடு டிஃபரன்ஷியலுக்கு இருக்கும் குணம் இது: பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சுழற்சி முழுவதும் ஓடிவிடும். லிவரைத் தள்ளி அதைப் பூட்டினால், அந்த நேரத்துக்கு ஃபுல் டைம் வண்டி பார்ட் டைம் ஆகிவிடுகிறது. பூட்டினோம். பின்சக்கரமும் சுற்றத் தொடங்கியது, ஆனாலும் ஏறவில்லை. அண்ணன் டயர்களில் காற்றை 18-க்கு இறக்கச் சொல்லி, சக்கரங்களுக்கு முன்னாலிருந்த மணலைக் கையால் தள்ளினார். இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் மெல்ல விட்டதும் ஏறியது.

"வெயிட்டு தம்பி. அது ரெண்டு டன்னு, இது ஒண்ணே கால் டன்னு. மணலுக்கு அதுதான் கணக்கு" என்றார். ஃபுல் டைமா, பார்ட் டைமா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் டயர் காற்றைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

இந்தக் கரையில் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். பார்ட் டைமின் முன்பக்கச் சாமான்கள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால், அவசரத்துக்கு லிவர் விழாமல் அடம்பிடிக்கும். முன்சக்கர நடுவிலுள்ள குமிழைக் கையால் திருகிப் பூட்ட வேண்டிய ஜிப்சி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாதம் ஒருமுறை மண் பாதையில் நாலைப் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுவதும், கடற்கரை போய் வந்த அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவதும் நல்லது. ஃபுல் டைமில் எல்லாம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் இறுகும் தொல்லை குறைவு. டீசல் செலவு கொஞ்சம் கூடுதல்.

ராமநாதபுரத்தில் குடியிருந்து, வருடத்தின் பெரும்பகுதி தாரில் ஓட்டி, எப்போதாவது உப்பளப் பாதையிலோ கண்மாய்க் கரையிலோ இறங்குகிறவருக்கு எடை குறைந்த பார்ட் டைம் வண்டி போதும் என்பதே என் தீர்ப்பு. தனுஷ்கோடி பார்க்க மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம். சாதாரண காரே முனை வரை போகிறது.

எந்த வண்டியானாலும் அங்கே தாரை விட்டு இறங்காதீர்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. பூநாரைகள் வந்திறங்கும் தனுஷ்கோடிச் சதுப்பைத் தமிழக அரசு 2025 ஜூனில் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. டயர் ஏறினால் ஆமை முட்டை தப்பாது.