மணிமுத்தாற்றில் ஒரு துளி ஈரம்

கல்லிடைக்குறிச்சி என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? அப்பளம்தானே! எனக்கு மட்டும் இனி அரிவாள்மணைதான் நினைவுக்கு வரும். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பிறகு உங்களை மணிமுத்தாறு அணைக்கு அழைத்துப் போகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் ஏறி, நானும் என் மனைவியும் கல்லிடைக்குறிச்சியில் இறங்கினோம். மேற்கே நீல மலை, நடுவே தாமிரபரணி, ஊருக்குள் அத்தை வீடு. இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று ராத்திரி வெள்ளரிப்பிஞ்சு தின்ன ஆசை வந்தது. எல்லோரும் படுத்த பிறகு நானே நறுக்கி, உப்புத் தூவித் தின்றுவிட்டு, அரிவாள்மணையை அப்படியே சுவரோரம் சாத்தி வைத்தேன்.

விடிந்ததும் அத்தையின் குரல்தான் என்னை எழுப்பியது.

"ஏலே, அருவாமணையை என்னலே செஞ்சு வச்சிருக்கே?"

போய்ப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு நின்ற இடத்தில், செம்பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். அத்தை அதைத் தேய்த்துத் துடைத்தாள். வேடிக்கையைக் கேளுங்கள்: துரு வளையமாக நின்றது; ஆனால் இரும்பு அரிபட்டு மங்கியிருந்ததோ வளையத்தின் நடுவில்!

இது எனக்குப் புதிது. விஞ்ஞானிகளுக்குப் பழைய கதை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த யூ. ஆர். எவான்ஸ் என்பவர் 1920-களிலேயே இரும்பின் மேல் உப்புத் தண்ணீர்ச் சொட்டை வைத்து இதை ஆராய்ந்தார். சொட்டின் ஓரம் மெல்லியது. காற்றிலுள்ள பிராணவாயு, அதாவது ஆக்ஸிஜன், அங்கே சுலபமாக வந்து சேர்கிறது. நடுவில் தண்ணீர் ஆழம். அங்கே பிராணவாயு குறைவு. ஒரு சின்ன மின்சார பாட்டரி போல வேலை நடக்கிறது. நடுவிலுள்ள இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பு ஓரத்துக்கு வரும் வழியில் பிராணவாயுவைச் சந்தித்துத் துருவாகப் படிகிறது. ஆக, காற்றுப் படும் இடத்தைவிடக் காற்றுப் படாத ஈரமான இடத்தில்தான் இரும்புக்கு ஆபத்து அதிகம்!

"அப்படியானால் பிராணவாயு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். பதில் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது.

பெரும்பாலான உலோகங்களைப் புதிதாகத் தேய்த்து வைத்தால், கண் இமைப்பதற்குள் பிராணவாயு அவற்றின் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. மெல்லிய தோல் ஒன்று உண்டாகிறது. அந்தத் தோல் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்ததுதான் பாத்திரத்தின் தலைவிதி. எவர்சில்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரும்போடு குரோமியம் சேர்த்த கலப்பு உலோகம். நல்ல ரகத்தில் சுமார் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் இருக்கும். விருந்தாளி படி ஏறியதும் மூத்த மருமகள் முன்னே வந்து வரவேற்பதுபோல, இரும்புக்கு முன்னால் குரோமியம் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்கிறது. இருவரும் சேர்ந்து நெய்யும் தோலின் கனம், தலைமயிரின் கனத்தில் 10,000-ல் ஒரு பங்கு கூட இராது. ஆனால் இழை நெருக்கம்! அதற்கு மேல் எதையும் உள்ளே விடாது. நீங்கள் தேய்த்துக் கீறினாலும், பிராணவாயு பட்டதும் தானே மூடிக்கொள்ளும். அலுமினியத்துக்கும் இப்படி ஒரு கெட்டித் தோல் உண்டு.

இரும்பின் துருவோ ஓட்டைக் கூரை. ஈரத்தையும் காற்றையும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே உதிர உதிர அடியில் அரிக்கும். எவர்சில்வருக்கும் ஓர் எதிரி உண்டு; அது உப்பு. ஊறுகாயையும் உப்புக் கரைசலையும் நாள்கணக்கில் அதில் வைத்தால் அந்த மெல்லிய தோல் அங்கங்கே பிய்ந்து, ஊசி குத்தியதுபோல் புள்ளி விழும். பாட்டிமார் ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி வைத்தது சும்மா இல்லை.

சரி, அணைக்குப் போவோம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் வயல்களுக்கு நடுவே ஓடி, மலை கைக்கு எட்டும்போல் தோன்றும் இடத்தில் நம்மை இறக்கிவிடுகிறது. காமராஜ் முதலமைச்சராக இருந்த 1950-களில் எழுந்த அணை இது. நீர்மட்டம் 118 அடி. நீண்டு கிடக்கும் மண்கரை. மறுபக்கம் கடல்போல் தண்ணீர். பின்னால் அடுக்கடுக்காக மேற்குத் தொடர்ச்சி மலை. இங்கிருந்து கால்வாய் வழியே போகும் தண்ணீர், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட சீமைக்கெல்லாம் உயிர் கொடுக்கிறது.

கரையில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். பல வருஷங்கள் அணைகளில் இரும்புக் கதவுகளுக்கு வர்ணம் பூசும் வேலை பார்த்தவராம்.

"அண்ணாச்சி, இவ்வளவு தண்ணீரில் நிற்கிற கதவு துருப்பிடிக்காதா?" என்றேன்.

"பிடிக்காம இருக்குமா தம்பி? அதுக்குத்தான வர்ணம். ஆனா முகப்புல துரு வந்தா கண்ணுக்குத் தெரிஞ்சிரும், சுரண்டிட்டுப் பூசிரலாம். எலையும் சகதியும் அடைஞ்சு கெடக்குற மூலை, போல்ட்டுக்கு அடிப்பக்கம், ரப்பருக்குப் பின்னால... அங்கதான் சத்தமில்லாமத் திங்கும். நான் மொதல்ல அங்கதான் கையை விட்டுப் பாப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவான்ஸ் ஆய்வுக்கூடத்தில் கண்டதை இவர் விரல் நுனியில் கண்டிருக்கிறார்!

இது வெறும் துருக் கதை அல்ல, நேயர்களே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பக்கம் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! அணைகளிலிருந்து உபரி நீர் சீறி வந்தது. தாமிரபரணி கரை புரண்டு ஊர்களுக்குள் நுழைந்தது. அப்படிப்பட்ட ராத்திரியில், திற என்றால் கதவு திறக்க வேண்டும். மூடு என்றால் மூட வேண்டும். 2024 ஆகஸ்ட் 10-ம் தேதி இரவு, கர்நாடகத்தின் துங்கபத்திரா அணையில் 19-வது கதவு சங்கிலி அறுந்து ஆற்றோடு போய்விட்டது. ஓடும் வெள்ளத்தின் நடுவே தற்காலிகக் கதவு போட்டு அடைக்க ஒரு வாரம் போராடினார்கள். அதுவும் 1950-களின் அணைதான். எழுபது வருஷம் உழைத்த இரும்பை யாராவது ஒருவர் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே தூங்கும் குழந்தைகளின் உயிர் அதில் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கென்றே ஆராய்ச்சியும் நடக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து, 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், உலோக அரிப்பு முக்கியமான பாடம்.

இதே தாமிரபரணியின் கரையில், கீழே ஆதிச்சநல்லூரில், 1899-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டியபோது, தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்களும் இரும்பு ஆயுதங்களும் கிடைத்தன. எந்தத் தாய் துடைத்து வைத்த கத்தியோ! துடைக்க ஆள் இல்லாமல் மண்ணுக்குள் எத்தனையோ நூற்றாண்டு கிடந்தபோது, ஈரம் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

சாயங்காலம் வீடு திரும்பினோம். நான் சமர்த்தாக அரிவாள்மணையைக் கழுவி, துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். விஞ்ஞானமும் சொன்னேன்: எண்ணெய் ஈரத்தைத் தடுக்கும், ஈரம் இல்லாவிட்டால் அந்தச் சின்ன பாட்டரி ஓடாது என்று. அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அரிவாள்மணையை வாங்கிப் புரட்டி, பலகையில் அலகு பதிந்திருக்கும் இடுக்கில் விரலை வைத்தாள்.

"பேச்செல்லாம் சரிதாம்லே. இந்த இடுக்குல யாரு துடைப்பா?"

விரலில் ஈரம் இருந்தது.