இரண்டு சிம், ஒரு காது

திருவரங்குளத்தில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு கம்பெனியின் சிக்னல்தான் கிடைக்கும். மற்றதற்கு மாடி ஏற வேண்டும். அதனால் ஃபோனில் இரண்டு சிம். ஒன்று வங்கிக்கு: மேலாளர், நகைக்கடன்காரர்கள், ஓடிபி. மற்றது கவிதை எழுதுகிறவர்களுக்கும் கவிதையைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களுக்கும். குமாஸ்தாவையும் விமர்சகனையும் சுத்தமாகப் பிரித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு மூத்த கவிஞர். அவர் தொகுப்பைப் பற்றி நான் எழுதியதில் மனத்தாங்கல். ஏழு மாதம் பேச்சில்லை. ஒரு மாலை அவரே அழைத்திருக்கிறார், மூன்று முறை. மூன்று முறையும் 'ஸ்விட்ச் ஆஃப்' என்ற குரல். அந்நேரம் நான் மற்ற எண்ணில், ஒரு வவுச்சர் விஷயமாகக் கிளையோடு முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். என் ஃபோனில் அவர் அழைத்த சுவடே இல்லை. 'என் பேரைப் பார்த்ததும் அணைச்சுட்டான்' என்று அவர் வருந்தியதை வேறொரு நண்பர் சொல்லித்தான் அறிந்தேன்.

காரணத்தைத் தேடிப் படித்தேன். பெரும்பாலான ஃபோன்களில் சிம் இரண்டு என்றாலும் அலைகளை வாங்கி அனுப்பும் கருவி ஒன்றுதான். சும்மா இருக்கும்போது அது ஒரு விநாடி, இரண்டு விநாடிக்கு ஒருமுறை விழித்து, இந்தக் கம்பெனி கூப்பிடுகிறதா, அந்தக் கம்பெனி கூப்பிடுகிறதா என்று முறைவைத்துக் கேட்கிறது. நமக்கு இரண்டும் எப்போதும் திறந்திருப்பதாகப் படுகிறது. இணையமும் ஒரு சமயத்தில் ஒரு சிம் வழியாகத்தான். மற்றதைக் கவனிக்க அது அவ்வப்போது ஒரு கணம் நழுவிப்போய் வருகிறது. பேச்சில் அப்படி நழுவ முடியாது, குரல் அறுந்துவிடும். எனவே ஒன்றில் பேசும்போது மற்றது உலகத்துக்கு இல்லை. இரண்டு கருவிகள் வைத்த ஃபோன்கள் உண்டு, என்னுடையது அதுவல்ல.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது இதன் இன்னொரு முகத்தை எங்கள் பக்கம் பார்த்தோம். கம்பெனிகள் வேறானாலும் பல இடங்களில் கோபுரம் ஒன்று, அதற்கான மின்சாரமும் டீசலும் ஒன்று. கோபுரம் ஓய்ந்ததும் இரண்டு சிம்மும் சேர்ந்தே ஓய்ந்தன. இரண்டு என்று நாம் எண்ணிக்கொள்வது பல சமயம் மேல்பரப்பில் மட்டுமே இரண்டு.

பரிகாரம் எளிது. ஒரு எண் கிடைக்காதபோது அழைப்பு மற்ற எண்ணுக்குத் திரும்பும்படி அமைப்புகளில் மாற்றிவைக்கலாம். பேச்சின் நடுவே காத்திருக்கும் அழைப்பாக அது வந்து தட்டும். அதைச் செய்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கருவி, முறைவைத்துக் கேட்பது, எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். காபி வந்தது. பிறகு கேட்டார்:

"சரி தம்பி. அந்தக் கட்டுரையை எழுதறப்ப எந்த சிம்முல இருந்தே?"

பதில் சொல்ல வரவில்லை. அவர் தொகுப்பைக் கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரங்களில், நகைக்கடன் சீட்டுகளுக்கு நடுவே படித்தேன். மிச்சத்தை ஆலங்குடி பஸ்ஸில். நீண்ட கவிதை ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு, அது 'தொடர்ச்சியற்றது' என்று எழுதியிருந்தேன்.

அந்தக் கவிதையை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன், ஃபோனை அணைத்து வைத்துவிட்டு.