'பெற்றோரின் அக்கறையின்மை' என்று எழுதாதீர்கள்

தோழர்களே, படிப்பை முடித்துக் குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனங்களில் வேலைக்குச் சேரவிருப்போர் உங்களில் பலர் இருப்பீர்கள். விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் அப்படியொரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த நாங்கள் நான்கு பேர், முதல் மூன்று மாதங்களில் கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

எங்களிடம் முதலில் தரப்பட்டது பள்ளியிலிருந்து நின்றுபோன குழந்தைகளைக் கணக்கெடுக்கும் படிவம். அதில் 'காரணம்' என்றொரு கட்டம். வறுமை, நோய், குழந்தைத் திருமணம், பெற்றோரின் அக்கறையின்மை என நான்கு விடைகளை முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். ஒன்றில் டிக் அடித்தால் போதும். சாதி என்ற சொல்லே அதில் இல்லை.

அந்தப் படிவத்தோடு இருளர் குடியிருப்புகளுக்குப் போனோம். ஊருக்கு வெளியே சேரி. அந்தச் சேரிக்கும் வெளியே, ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் இருளர் குடிசைகள். நாங்கள் நால்வரும் சேரியில் பிறந்தவர்கள். அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை நமக்கு மேலே மட்டும் இல்லை, கீழேயும் நீள்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தோம்.

பொங்கல் முடிந்ததும் பல குடிசைகள் பூட்டிக்கிடந்தன. முன்பணம் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போயிருந்தன. அப்பாவும் அம்மாவும் கல் அறுக்க, பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போடுகிறார்கள். மழைக்காலம் நெருங்கும்போது திரும்பி வந்தால் வகுப்பு பாதி தாண்டியிருக்கிறது, கடனோ தீரவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பெற்றோரைக் கடனில் கட்டிப்போட்டுவிட்டு, பிள்ளையின் படிப்பில் அவர்களுக்கு அக்கறையில்லை என்று எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது?

அடுத்த தடை சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. 1989 முதல் அந்த அதிகாரம் கோட்டாட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோதான் இருக்கிறது. அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வா என்கிறார்கள். அப்பா பள்ளிக்கே போனதில்லை, அவருக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஓர் அலுவலகத்தில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணைப் பார்த்து, "உங்கப்பாவுக்குப் பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று எங்கள் முன்னாலேயே கேட்டார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்று தர வேண்டியவரும் அதே கோட்டாட்சியர்தான். ஒரு குழந்தையின் படிப்பைத் தீர்மானிக்கும் இரண்டு தாள்கள் ஒரே மேசையில் கிடக்கின்றன.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் அல்ல. பேராசிரியர் பிரபா கல்விமணியும் தோழர்களும் 1996-இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, சான்றிதழ், பட்டா, கொத்தடிமை மீட்பு, பொய் வழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் மனு எழுதிப் போராடி வந்திருக்கிறார்கள். திண்டிவனம் ரோசணையில் அவர் முன்னின்று உருவாக்கிய தாய்த்தமிழ்ப் பள்ளியும் இருக்கிறது. 2021-இல் 'ஜெய் பீம்' பார்த்துக் கண்ணீர் விட்ட பலருக்கு, அதற்குப் பின்னால் இப்படி எத்தனை ஆண்டுக் கால மனுக்கள் இருக்கின்றன என்பது தெரியாது.

நோட்டும் பையும் கொடுப்பதை நாங்கள் கேலி செய்யவில்லை. பிள்ளைகளுக்கு அவை வேண்டும். அம்பேத்கரும் 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியபோது மாணவர் விடுதிகளையும் நூலகங்களையும் அதன் வேலைகளில் வைத்தார். ஆனால், யாரிடமும் கையேந்தாத மனிதர்களை உருவாக்கவே அவர் அதைச் செய்தார். நோட்டைக் கொடுத்து, குழந்தையைச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்து அனுப்புவதோடு நம் வேலை முடிந்தால், அந்தக் குழந்தை அடுத்த பொங்கலுக்கும் சூளைக்குத்தான் போகும்.

எனவே, வேலைக்குச் சேரும் தோழர்களே, முதலில் சட்டத்தைப் படியுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது. இதைத் தலைமையாசிரியரிடம் மரியாதையாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்துப் போங்கள். அவர்களே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

எங்கள் நிறுவனத்தில் பேசிப் பேசி, படிவத்தில் இப்போது இரண்டு கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன: 'முன்பணக் கடன்', 'சாதிச் சான்றிதழ் இல்லை'. நாங்கள் உடனிருந்து கொடுத்த ஏழு விண்ணப்பங்களில் இரண்டுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. பாம்பு பற்றிக் கேட்கப்பட்ட அந்தப் பெண்ணுடையது இன்னும் வரவில்லை. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு நாள் நெருங்குகிறது. வரும் திங்கட்கிழமையும் அவளுடைய அப்பாவோடு போகிறோம்.