குறியை முதலில் பார்த்தேன்

நான் ஒரு ரேடியாலஜிஸ்ட். சி.டி. ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. படம் பார்க்கவேண்டிய நான், ஒரு காலத்தில் பார்ப்பதையே விட்டுவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

நுரையீரலில் உள்ள சிறு கட்டிகளைக் கண்டுபிடித்து வட்டமிட்டுக் காட்டும் மென்பொருள் எங்களிடம் வந்தபோதே முறையும் சொல்லித்தரப்பட்டது. டாக்டர் முதலில் எல்லாப் படங்களையும் தானே பார்க்க வேண்டும். அதன் பிறகே கணினி போட்ட குறிகளைத் திறந்து, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். 1998-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., மார்பக எக்ஸ்ரேவுக்கு இத்தகைய கருவியை அனுமதித்தபோதும் இதே வரிசைதான்.

நான் வரிசையை மாற்றினேன். வேலை குவிந்த நாட்களில் தொடங்கி, பிறகு அதுவே வழக்கமாயிற்று. குறிகளைத் திறப்பேன், வட்டமிட்ட இடங்களை அளப்பேன், மற்றவற்றை வேகமாக ஓட்டிவிடுவேன். குறியே இல்லையென்றால் ‘நார்மல்’ என்று மனம் அப்போதே முடிவு கட்டிவிடும்.

நெஞ்சுக்கு எடுக்கும் சி.டி. நுரையீரலோடு நிற்பதில்லை. கடைசிப் படங்களில் கல்லீரல், அட்ரினல் சுரப்பிகள், சிறுநீரகங்களின் மேல்முனை எல்லாம் வரும். நாள்பட்ட இருமலோடு வந்த ஒருவரின் ஸ்கேனில் மென்பொருள் எதையும் குறிக்கவில்லை. நுரையீரல் நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். மாதங்கள் கழித்து, சிறுநீரில் ரத்தம் போகிறது என்று அவர் திரும்பி வந்தார். இடது சிறுநீரகத்தின் மேல்முனையில் கட்டி. பழைய படங்களைத் திறந்தேன். அப்போதே அது இருந்தது. சிறியதுதான், ஆனால் சிறுநீரகத்தின் விளிம்பு புடைத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது.

உடன் வேலை பார்ப்பவர் கேட்டபோது என் வாயில் முதலில் வந்தது, “சாஃப்ட்வேர் மார்க் பண்ணலையே!” கட்டியை விட்டதைவிட இந்தப் பதிலுக்குத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன். அந்த மென்பொருள் நுரையீரல் கட்டியை மட்டும் தேடப் பழக்கப்பட்டது. தேடியது, இல்லை என்றது. அது சொல்லாததை எல்லா உறுப்புக்கும் நற்சான்றாக எடுத்துக்கொண்டவன் நான்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல வழியில்லை. ‘ரேடியாலஜி’ இதழில் 2023-இல் வந்த ஆய்வில், 27 ரேடியாலஜிஸ்டுகளுக்கு மார்பக எக்ஸ்ரே படங்களோடு சில இடங்களில் வேண்டுமென்றே தவறான கணினி மதிப்பீடும் காட்டப்பட்டது. கணினி சரியாகச் சொன்னபோது சுமார் 82 சதவீதம் சரியாகக் கணித்த பழுத்த அனுபவசாலிகள்கூட, அது தவறியபோது 46 சதவீதத்துக்கு இறங்கினார்கள். இதை மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். எனக்கு அது பொருந்தாது என்று நம்பியிருந்தேன்.

நோயாளியிடம் நேரில் சொன்னேன். “அப்பவே தெரிஞ்சிருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்குமா டாக்டர்?” என்று கேட்டார். கட்டி சிறிதாக இருக்கையில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அவருக்கு முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. “போயிருக்கலாம்” என்றேன்.

இப்போது குறிகளை மறைத்துவைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். வயிற்றுப் பகுதியை முதலில் முடித்துவிட்டு நுரையீரலுக்கு வருகிறேன். அவர் இழந்ததை இது ஈடுசெய்யாது. ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் கையெழுத்து, இந்தப் படங்களை நான் பார்த்தேன் என்று நோயாளிக்குத் தரும் வாக்கு. அன்று அந்த வாக்கை நான் பொய்யாகக் கொடுத்தேன்.