கடல் தெரியாத ஊரில் ஒரு போர்க்கப்பல்

கல்முனைப் பட்டினத்திலிருந்து மேற்கு நோக்கிச் சென்று, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சொறிக்கல்முனைக்குப் போகும் வெளியூரவரைக் கண்டால், திருச்சிலுவை ஆலயத்துக்குப் போகிறார்கள் என்றே பார்ப்போர் எண்ணுவர். செப்டெம்பர் மாதத் திருவிழாக் காலத்தில் அது பெரும்பாலும் உண்மையே. நாம் சென்றதோ, ஒரு போர்க்கப்பலைக் காண்பதற்கு.

மாரி காலத்தில் இத்தாம்போதியின் மேல் வெள்ளம் பாயும். அப்பொழுது அக்கரையும் இக்கரையும் வெவ்வேறு தேசங்களாகிவிடும். நாம் சென்றது பங்குனி மாதக் கடைசி. நீர் வற்றி, சேற்றில் கொக்குகள் தவமிருந்தன. அப்பால் வயல்வெளி; வயலுக்கு அப்பால் தென்னை; தென்னைக்கிடையே ஆலயம். கடலின் ஓசைகூட இவ்வூருக்கு எட்டுவதில்லை. இத்தகைய ஊரில், ஓர் ஓடாவியாரின் கொட்டிலில், கதவுநிலைகளுக்கும் கட்டிற் கால்களுக்கும் நடுவே, முப்பத்தொன்பது அங்குல நீளமுள்ள நாசகாரிக் கப்பலொன்று உருவாகிக்கொண்டிருந்தது.

அதன் பெயர் 'வம்பயர்'. அப்பெயரை நம் பகுதி இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? எமது வகுப்பில் வினவினோம். ஒரு கையும் உயரவில்லை. ஆயினும் அக்கப்பல் மூழ்கியது எங்கோ தூரதேசத்தில் அன்று. நம் கிழக்குக் கடலிலேதான்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் தேதி, வியாழக்கிழமை. சித்திரைப் புத்தாண்டு பிறக்கச் சில நாள்களே இருந்தன. யப்பானியர் திருகோணமலையைத் தாக்கப் போகின்றனர் என்ற எச்சரிக்கையின் பேரில், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்', துணைக்கு 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரியுடன், முந்திய இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியிருந்தது. காலையில் தாக்குதல் முடிந்ததும் இரண்டும் வடக்கே திரும்பின. மட்டக்களப்புக்கு அருகே யப்பானிய வேவு விமானமொன்றின் கண்ணில் அவை பட்டன. ஹேர்மிஸோ, தன் விமானங்களைக் கரையில் இறக்கிவிட்டு வந்த விமானந்தாங்கி. வாளில்லாத உறைக்கு ஒப்பானது. பத்தரை மணியளவில் குண்டு வீச்சு விமானங்கள் வந்தன. இருபது நிமிடத்துக்குள் ஹேர்மிஸ் மூழ்கியது. அதனுடன் 307 பேர் மாண்டனர். அடுத்து வம்பயர் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. அதன் தளபதி மொரான் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து காப்பாற்றியது. அன்றே 'ஹொலிஹொக்' என்னும் காவற்கப்பலும், 'அதெல்ஸ்ரேன்' என்னும் எண்ணெய்க் கப்பலும் மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள கடலில் அழிந்தன.

இந்த வரலாற்றை மாணவர் கண்முன் நிறுத்த, எமது கல்லூரிக்காக வம்பயரின் மாதிரியொன்றைச் செய்விக்க விரும்பினோம். எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என்பது நாம் கொண்ட அளவு. அதாவது உண்மைக் கப்பலில் தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. 312 அடி நீளம் முப்பத்தொன்பது அங்குலமாகும். இருபத்தொன்பதரை அடி அகலம், நாலங்குலத்துக்குச் சற்றுக் குறையும். ஆறடி மனிதன் முக்காலங்குல உயரத்தில் நிற்பான். கடைகளில் விற்கும் பிளாஸ்திக்கு மாதிரிகள் பெரும்பாலும் எழுநூறில் ஒரு பங்கு அளவின. அவ்வளவில் வம்பயர் ஐந்தரை அங்குலத்துக்கும் சிறியதாகிவிடும். அவ்வளவை 1971இல் பரப்பியவர்கள் யப்பானில் ஷிசுவோக்கா நகரத்து உற்பத்தியாளர். அந்நகரத்து ஆவோஷிமா நிறுவனம் ஹேர்மிஸின் மாதிரியையும் வெளியிட்டுள்ளது. அன்று மூழ்கடித்தோரின் நாட்டில் இன்று அக்கப்பலைச் சிறுவர் ஒட்டிச் செய்கின்றனர். அது மூழ்கிய கரையில் வாழும் நாமோ பெயரையும் மறந்தோம்.

ஓடாவியாரிடம் அளவுக் குறிப்புகளையும், ஒரு நிழற்படத்தையும் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்று வாரத்தின்பின் எம்மை வரச் சொல்லிச் செய்தி அனுப்பினார். சென்றோம். மலைவேம்புப் பலகைகளைக் கப்பலின் கிடைவெட்டுக்கேற்ப அறுத்து, ஒன்றன்மேலொன்றாக அடுக்கி ஒட்டி, உளியாற் செதுக்கி, அரத்தாளால் மினுக்கி, உடலை முடித்திருந்தார். பார்த்து மகிழ்ந்தோம். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"சேர், எழுத்தும் படமும் ஒத்துவருகுதில்லையே. நாலு தனிப் பீரங்கி என்று எழுதித் தந்திருக்கிறீங்கள். படத்தில் மூன்று கூண்டு. கூண்டுக்கு இரண்டு குழல். படத்து அகலத்தை உங்கள் நீளத்தோடு வைத்துப் பார்த்தால் கப்பல் இன்னும் அகல வேணும். நான் எதை நம்புகிறது?"

எமக்கு வியர்த்தது. வம்பயர் என்னும் பெயரில் அவுஸ்திரேலியக் கடற்படையில் இரண்டு கப்பல்கள் இருந்தன. நாம் கொடுத்த படம் இரண்டாவதனுடையது. 1956இல் நீரில் இறக்கப்பட்டு, 1986 வரை சேவை செய்து, இன்று சிட்னி கடல்சார் அரும்பொருளகத்தில் மிதப்பது. அதன் நீளம் 390 அடி. நம் கடலில் மாண்டதோ இங்கிலாந்தில் கவுஸ் என்னுமிடத்தில் 1917இல் நீரில் இறக்கப்பட்ட முதலாவது கப்பல். அளவுகளை முதற் கப்பலிலிருந்தும் படத்தை இரண்டாவதிலிருந்தும் எடுத்த எமது அவசரத்தை, கடலையே காணாத கொட்டிலிலிருந்து ஓர் அடிமட்டம் காட்டிக்கொடுத்துவிட்டது.

வெட்கத்தினால் ஒரு சிறிய யோசனை சொன்னோம். "இருக்கட்டும் ஓடாவியார், பீரங்கிகளை மாத்திரம் மாற்றிவிடுவோம். இங்கே யார் அறியப் போகிறார்கள்?"

அவர் உளியைத் துடைத்து வைத்தார். "செத்தவருடைய படம் வேணும் என்று வந்த ஆட்களுக்கு, அவர் பேரனுடைய படத்தைக் கொடுக்கலாமா சேர்? பேர் ஒன்றுதான், ஆள் வேறு."

அன்று ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது எமக்கு விளங்கிற்று.

புதிய பலகை அறுபட்டது. இம்முறை நாமும் கற்றுக்கொண்டு சென்றோம். பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் பழைய வரைபடங்கள் பல கிறினிச்சிலுள்ள தேசிய கடல்சார் அரும்பொருளகத்திலும், வம்பயரின் நிழற்படங்கள் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் பேணப்படுகின்றன. முன்னே இரண்டு, பின்னே இரண்டு எனத் தனித்தனிப் பீரங்கிகள்; ஒன்றன் தலைக்கு மேலாக மற்றது சுடும் வண்ணம் படிபோல் அமைந்தவை. முன் புகைபோக்கி உயர்ந்து மெலிந்தது. பின்னது குட்டையாய்ப் பருத்தது. இவ்விரு புகைபோக்கிகளையும் கண்டவுடன் அவ்வகைக் கப்பலை அடையாளங் காணலாம்.

இவ்வளவு தெரிந்தாலும் வேலை முடிவதில்லை. ஒரு கப்பல் பிறந்த நாளில் இருந்தவாறே சாகும் நாளிலும் இருப்பதில்லை. மனிதரைப் போலவே மாறுகிறது. அதே வகையைச் சேர்ந்த பல கப்பல்களில் 1940இன் பின் நீர்மூழ்கிக் குண்டுக் குழல்களில் ஒரு தொகுதியை அகற்றி, விமான எதிர்ப்புப் பீரங்கி வைத்தனர். ஆதலால் உடன்பிறந்த கப்பலைப் பார்த்து இதைச் செய்ய இயலாது. ஒவ்வொரு படத்துக்கும் தேதி வேண்டும். நிறமோ மேலும் சிக்கலானது: கறுப்பு வெள்ளைப் படம் சாம்பல் நிறத்தின் சாயலைச் சொல்லாது. அன்றியும், உண்மைக் கப்பலின் வண்ணத்தை அப்படியே சிறு மாதிரிக்குப் பூசினால் கறுத்துத் தோன்றும். தூரத்துப் பொருளைக் காற்று வெளிறச் செய்வது போல, வண்ணத்தையும் சற்று வெளிறச் செய்ய வேண்டும். எனவே மாதிரி செய்பவன் முதலிலே விடை காண வேண்டிய கேள்வி, 'எந்தக் கப்பல்' என்பது மட்டுமன்று. 'எந்த நாளின் கப்பல்' என்பதுமாகும்.

வம்பயருக்குப் பெருமைக்குரிய நாள்கள் வேறு இருந்தன. மத்தியதரைக் கடலில் அதனையும் துணைக் கப்பல்களையும் 'பழைய இரும்புக் கூட்டம்' என்று யேர்மனியர் ஏளனஞ் செய்தனர். அவ்வேளனத்தையே அவுஸ்திரேலியர் விருதுப் பெயராக்கிக்கொண்டனர். 1941 டிசெம்பர் 10இல் மலாயாக் கடலில் 'றிப்பல்ஸ்', 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்' என்னும் பெருங் கப்பல்கள் மூழ்கியபோது, றிப்பல்ஸின் மாலுமிகள் இருநூறு பேருக்கு மேல் அதன் தளத்தில் உயிர் பிழைத்தனர். அந்நாள்களில் ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். நாம் வேண்டியது 1942 ஏப்பிரல் 9. நம் கரைக்கு உரியது அந்த ஒரு காலையே.

உடல் முடிந்ததும் அதனைச் சாக்கிற் சுற்றிக் கல்முனைக் கடற்கரைக்கு ஒரு மாலை கொண்டு சென்றோம். கரைவலை இழுத்து முடித்திருந்த முதியவர் ஒருவர் அருகே வந்தார்.

"என்ன சேர் இது, தோணியா?"

"இல்லை காக்கா. யுத்தக் கப்பல். இந்தக் கடலில்தான் வடக்கே தாண்டது."

முழுக் கதையையும் கேட்டார். கடலுக்குள் கிடக்கும் இரும்பைச் சுற்றி மீன் சேரும் என்பதும், வலை சிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மட்டக்களப்புக் கடலில், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், ஹேர்மிஸ் இடப்பக்கம் சரிந்து கிடப்பதைச் சுழியோடிகள் சென்று பார்ப்பதையும் கேள்விப்பட்டிருந்தார். சிறிது நேரம் கப்பலின் அணியத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதில எத்தினை பேர் மௌத்தானாங்க?"

"ஒன்பது பேர்."

"எங்கேயோ பிறந்து இஞ்ச வந்து போயிருக்காங்க. அவங்கட உம்மாமார் இந்தக் கடலைக் கண்டும் இருக்கமாட்டாங்க" என்றார்.

கப்பலைத் திரும்பச் சொறிக்கல்முனையில் ஒப்படைத்தோம். பித்தளைக் கம்பியால் கைப்பிடி வேலி கட்டும் வேலை எஞ்சியுள்ளது. முதலிற் செய்த பிழையான உடலை ஓடாவியார் எறியவில்லை. அது கொட்டிலின் பரணில் இருக்கிறது. அதனையும் கல்லூரிக்குத் தருமாறு கேட்டிருக்கிறோம். இரண்டையும் அருகருகே வைத்தால் மாணவர் கூடுதலாகக் கற்பர்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அன்று காலை இக்கரையில் நின்றோர் இப்பொழுது மிகச் சிலரே. உங்கள் வீட்டிலோ அயலிலோ அத்தகைய முதியவர் இருப்பின், அவர் கண்டதையும் கேட்டதையும் கேட்டு எழுதி வையுங்கள். கேட்ட நாளையும் எழுதுங்கள். கப்பலின் நீள அகலங்களை அந்நிய நாட்டார் பேணி வைத்துள்ளனர். நம் கரையிலிருந்து அது எவ்வாறு தோன்றியது என்பதை நாமே எழுதி வைத்தல் வேண்டும்.