இலைப் படமும் பால் கவரும்

பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் மீன் வாங்குகிறவர்களின் கையைப் பார்த்தால் தெரியும். வயர் கூடையோடு வருபவர்கள் சிலர், அதிகமும் வயதானவர்கள். மற்றவர்களுக்குக் கறுப்பு கவர்தான். 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். பையில் தயாரிப்பாளர் பெயர், பதிவெண், எத்தனை மைக்ரான் எல்லாம் அச்சாக வேண்டும் என்று 2016 விதி சொன்னது. கறுப்பு கவரில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அதற்காக வேண்டாம் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. மீன் தண்ணி ஒழுகுமா, ஒழுகாதா? கேள்வி அவ்வளவுதான்.

*

எம்.ஆர்.சி. நகர் பக்கம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் உலகமே வேறு. பாக்கெட்டில் பச்சை இலை, பூமி உருண்டை, 'எக்கோ'. விலை ஒன்றாக இருந்தால் கை இலைப் படத்தின் பக்கம் போகிறது. ஐந்து ரூபாய் கூடினால் திரும்பி வந்துவிடுகிறது. இலையை யார் வேண்டுமானாலும் வரையலாம் என்ற நிலை நெடுநாள் இருந்தது. ஆதாரம் இல்லாமல் 'பசுமை' என்று விளம்பரம் செய்யக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை கொண்டுவந்தது 2024 அக்டோபரில்தான்.

*

அரசே நடத்தும் முத்திரை ஒன்று உண்டு: 'எக்கோமார்க்', 1991-ல் தொடங்கியது. சின்னம் மண்பானை. எவ்வளவு அழகான தேர்வு! ஆனால் வாங்கிய நிறுவனங்கள் மிகச் சில. 2024-ல் விதிகளைப் புதிதாக எழுதினார்கள். மளிகைக் கடையில் அந்தப் பானையைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

*

பிளாஸ்டிக்கின் மேல் அம்புக்குறி முக்கோணமும் உள்ளே எண்ணும். மறுசுழற்சிக்குப் போகும் என்ற உத்தரவாதமாகவே பலரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அது எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லும் அடையாளம் மட்டுமே. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் உண்டாக்கியது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 4 என்றால் பால் கவர் வகை, 7 என்றால் 'மற்றவை'. பல அடுக்கு சிப்ஸ் பாக்கெட் இந்த 'மற்றவை'யில்தான் சேரும். காயலான் கடையில் அதைச் சீந்த ஆளில்லை. அம்புக்குறி குழப்புகிறது என்று 2013-ல் அமெரிக்கத் தரநிலையிலேயே அதை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். நம் பாக்கெட்டுகளில் அம்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

*

எனக்கு அதிகம் சந்தேகம் 'கம்போஸ்டபிள்' என்ற முத்திரை மேல்தான். பொய் என்று சொல்லவில்லை. அந்தப் பை மட்கும். ஆனால் 58 டிகிரி வெப்பத்தில் நடக்கும் உரக்கூடத்தில். சீனிவாசபுரத்தை ஒட்டி அடையாறு கடலில் சேரும் இடத்தில் அந்தச் சூடு ஏது? மட்கும் என்று தெரிந்தால் மனிதர்கள் தெருவில் எறியத் தயங்குவது குறையலாம், அதற்குக் கொஞ்சம் சான்றும் இருக்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2015-லேயே எழுதியது. வாங்கும் கைக்கு நல்லது சொல்லும் முத்திரை, எறியும் கைக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறது.

*

சென்னை உண்மையிலேயே படிக்கும் லேபிள் ஆவின் கவரின் நிறம். நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் "ஒரு ப்ளூ, ஒரு ஆரஞ்ச்" என்று பிழையில்லாமல் கேட்கிறார்கள். பச்சைக்கும் சுற்றுச்சூழலுக்கும் தொடர்பில்லை என்பது தனி வேடிக்கை. 2018-ல் தடையை அறிவித்தபோது பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். காலிக் கவரைக் கழுவிக் காயவைத்து, கட்டு சேர்ந்ததும் எடைக்குப் போடும் பழக்கம் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் இருக்கிறது. அதில் எந்த இலைப் படமும் இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு இருக்கிறது.

*

காசுக் கணக்கின் வலிமைக்கு நீலகிரி சாட்சி. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் திட்டம் அங்கே வந்தது. பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர் இயற்கையைப் பற்றி உபதேசிக்கவில்லை. பாட்டில்கள் திரும்பி வந்தன. சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஏன் ஒரு ரூபாய் வைக்கக் கூடாது? கேட்டால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். டாஸ்மாக்குக்கும் முதலில் சிரித்திருப்பார்கள்.

*

இன்னொன்று. உணவுப் பாக்கெட்டில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. தமிழ் விருப்பம்தான், கட்டாயமில்லை. மீன் விற்கும் அம்மாவிடம் 'விழிப்புணர்வு இல்லை' என்று குறைப்படுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

*

பால் கவரை வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டித்துவிடாதீர்கள். அந்தச் சின்ன முக்கு எடைக்கடைக்குப் போகாது. சாக்கடை வழியாக ஆற்றுக்குத்தான் போகும். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கத்தரித்தால் கவரோடு சேர்ந்தே போய்விடும்.